இட்லிக்கு ஒரு மணி நேரம், உலகத்தைக் காக்க நூறு

2023-இல் பதினோரு நாளுக்குள் மூன்று ரிலீஸ். ஜூலை 31, திங்கட்கிழமை ‘வெண்பா’. ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை ‘பால்டர்ஸ் கேட் 3’. அடுத்த வியாழன், ஆகஸ்ட் 10, ‘ஜெயிலர்’. மூன்றாவதைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. முதல் இரண்டும் வீடியோ கேம்கள். ஒன்று, கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம் இட்லி அவிக்கிற கதை. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விலை 15 டாலர். மற்றது, மூளைக்குள் புழு புகுந்த ஆறேழு பேர் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றுகிற கதை. விளையாட்டுக்கு நடுவே ஓடும் கதைக் காட்சிகள் மட்டுமே 174 மணி நேரம். விலை 60 டாலர்.

டென்மார்க்கில் மழையை அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து 2023-ஐப் போல மழை பெய்த ஆண்டு கிடையாது. கோடை விடுமுறை என்று பெயர். வெளியே தலைகாட்ட வழியில்லை. ஆக அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு டிவி, அதற்கு எதிரே மூன்று தலைமுறை. கோலியாத்தும் தாவீதும் ஒரே ஸ்கிரீனில் மோதிக்கொண்டதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரே ஒரு இண்டி கேம், அதாவது சின்னக் குழு சின்னப் பட்ஜெட்டில் செய்கிற கேம். கோபன்ஹேகனுக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர். எஸ் ரயிலில் பி லைன். சுற்றுலா வருகிறவர்கள் டிவோலிக்கும் கடற்கன்னிச் சிலைக்கும் போவார்கள். எங்கள் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் ஒன்று இங்கே வாடகை கட்டுபவர்கள், இல்லை தூங்கிப்போனவர்கள். 1960-களில் வயல்வெளியில் கோடு கிழித்துக் கட்டிய ஊர் இது. தெற்குப் பகுதியில் 1963-லிருந்து 68 வரை வரிசை வரிசையாகத் தாழ்வான முற்றத்து வீடுகளைக் கட்டினார்கள். கார் போக ஒரு பாதை, ஆள் போக ஒரு பாதை, இரண்டும் எங்கும் முட்டிக்கொள்ளாமல் அடியில் சுரங்கம், நடுவே நேராக வெட்டிய ஒரு கால்வாய். எல்லா வீடும் அச்சு அசல் ஒன்று போலவே இருப்பதால் விருந்தாளிகள் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வார்கள். கேம் பாஷையில் சொன்னால், கலைக்குப் பட்ஜெட் இல்லாததால் ஒரே வீட்டைக் காப்பி பேஸ்ட் பண்ணிவிட்டு லெவல் டிசைனில் மட்டும் மூளையைச் செலவழித்த ஊர்.

ஊருக்கு சினிமாப் புகழும் உண்டு. 1968-இல் தொடங்கிய ‘ஓல்சன் கேங்’ படங்களில் எகோன் ஓல்சன் என்கிற திருடன் ஜெயிலிலிருந்து வெளியே வருவதுதான் வழக்கமான தொடக்கம். அந்த ஜெயில் எங்கள் ஊர் விரிட்ஸ்லோஸலில்ல சிறைச்சாலை, 1859-இல் திறந்தது. டென்மார்க்கில் எந்த ஊர்க்காரரிடமும் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறேன் என்றால், ‘ஓ, அந்த ஜெயில்!’ என்பார்கள். நான் அந்தப் பக்கமில்லை என்று விளக்கம் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு.

இனி வீட்டுக்கு வருவோம். மகன் அந்த ஜூனில்தான் பள்ளிப் படிப்பை முடித்து, இந்த ஊர் வழக்கப்படி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, லாரியில் ஏறி ஊர்வலமெல்லாம் போய் வந்திருந்தான். முடித்தவுடன் கல்லூரிக்குப் போகாமல் ஒரு வருடம் சும்மா இருப்பதும் இந்த ஊர் வழக்கம்தான். அதற்கு ஒரு பெயரும் வைத்து மரியாதையும் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாத விசாவில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்கு இதை விளங்கவைக்க நான் பட்ட பாட்டைத் தனியாக ஒரு கட்டுரையில் எழுதலாம்.

“ஒரு வருசம் சும்மாவா இருப்பான்? ஃபெயிலாகிட்டானோ? என்கிட்ட மறைக்கீங்களா?”

“இல்லம்மா, நல்ல மார்க். இங்க எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான்.”

“எல்லாப் பிள்ளையளும் ஃபெயிலா?”

இப்படிப்பட்ட ஒரு சும்மா வருடத்தின் வாசலில்தான் நூறு மணி நேர கேம் வந்து இறங்கியது. பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்து லாரியன் ஸ்டூடியோஸ் செய்தது. நானூறுக்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். பாதி வெந்த நிலையில் 2020 அக்டோபரிலேயே விற்பனைக்கு விட்டு, காசு கொடுத்து வாங்கியவர்களையே ருசி பார்க்கச் சொல்லி, மூன்று வருடம் கழித்து முழுதாக இறக்கினார்கள். கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்டது. இடம் கொடுப்பதற்காகக் குடும்பத்தின் பழைய கல்யாண வீடியோக்கள் வேறொரு டிஸ்க்குக்குக் குடிபெயர்ந்தன. ஆகஸ்ட் நடுவில் ஸ்டீம் என்கிற இணைய கேம் கடை வழியாக ஒரே நேரத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சுமார் 8,75,000 பேர். எங்கள் ஊர் ஜனத்தொகை ஏறக்குறைய 28,000. முப்பது அல்பர்ட்ஸ்லுண்டுகள் கதவைச் சாத்திக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. ஒருத்தர் வீட்டிலும் பாத்திரம் கழுவியிருக்க மாட்டார்கள்.

பால்டர்ஸ் கேட்டில் முதல் வேலை, நீங்கள் யார் என்று நீங்களே முடிவு செய்வது. 11 இனங்கள், 12 தொழில்கள். குள்ளனா, எல்ஃபா, கொம்பு முளைத்த டீஃப்லிங்கா. மந்திரவாதியா, சாமியாரா, துறவியா. முகம், முடி, கண்ணுக்கு இடது ஒரு நிறம், வலது ஒரு நிறம். மகன் இதில் ஒரு முழு மாலையைச் செலவழித்தான். கேம் இன்னும் தொடங்கவே இல்லை. அம்மா சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நீல முடியும் தோளில் வில்லுமாக ஒரு பெண் எல்ஃப் முழு உருவத்தில் வந்து நின்றது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்தாள்.

“ஏல, இவ யாரு மவ?”

“யாரு மகளும் இல்ல ஆச்சி. இது நான்தான்.”

“நீ ஏன் பொம்பளையா இருக்க? சரி, இருந்துட்டுப் போ. அவ அப்பன் யாரு?”

மகன் மெனுவைத் தேடிப் பார்த்தான். பிறப்புப் பின்னணி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பிரபு, அறிஞர், தெருவில் வளர்ந்தவர், ஏமாற்றுக்காரர் என்று வரிசை. கடவுளைக்கூடச் சிலருக்குத் தேர்ந்தெடுக்கலாம். அப்பா பெயருக்கு இடமில்லை. நெல்லைக்காரர்களுக்கு ஒரு மனிதனை உள்ளே விட இருக்கும் ஒரே கேட் அதுதான். அதைக் கடக்காதவன் எத்தனை டிராகனைக் கொன்றாலும் திண்ணையோடு சரி. அம்மா அந்த எல்ஃபைத் திண்ணையிலேயே உட்காரவைத்துவிட்டாள்.

மகன் வாங்கியது பெரியது என்றால், வெண்பாவை வாங்கியது என் மனைவி. டொரன்டோவில் விசை கேம்ஸ் என்று ஒரு சின்னக் குழு. முக்கிய வடிவமைப்பாளர் அபி, சிறுவனாக இருக்கும்போதே கனடா போனவர். டவுன்லோடு முடியும்வரை டீ போட்டுக்கொள்ளலாம் என்று எழுந்தவள், பால் பொங்கும் முன் திரும்பி வந்துவிட்டாள். கேம் தயாராகக் காத்திருந்தது.

முதல் அத்தியாயம். 1988. டொரன்டோவில் ஒரு சின்ன வீடு. வெண்பாவுக்கு உடம்பு முடியவில்லை. கணவன் பாவலன் வேலைக்குக் கிளம்புகிறான். சாப்பாட்டுக்கு இட்லி வைக்க வேண்டும். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டோ கிழிந்து, கறைபட்டு, பாதி வரிகள் அழிந்து கிடக்கின்றன. அழிந்த வரியை ஊகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. அந்த அத்தியாயத்தில் புதிர், இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது. உலகம் பூராவும் விமர்சகர்கள் இந்தப் புதிரை யோசித்து, தவறி, மறுபடி முயன்று, ஆவி எப்படிப் போகும் என்று பௌதிகம் பேசி விடை கண்டுபிடித்துக்கொண்டிருந்த நேரம்.

“தட்டுல குழி இருக்குல்லா? குழிக்கு மேல குழி வந்தா நசுங்கும்லா? திருப்பி வையி,” என்றாள் அம்மா, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி. புதிர் முடிந்தது.

முடிந்ததோடு விட்டாளா? விசாரணை ஆரம்பித்தது.

“துணி போட்டாளா?”

“கேம்ல அதெல்லாம்...”

“கொப்பரைல தண்ணி எவ்வளவு ஊத்துனா? சின்னத் தீயா, பெரிய தீயா? மாவு புளிச்சிருக்கா? அந்த ஊர்க் குளிருல ஒரே ராத்திரில எப்படிப் புளிச்சிச்சி? அதைச் சொல்லச் சொல்லு.”

இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் வடக்கு நாடுகளில் வாழும் தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஓவன் லைட்டைப் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துவிட்டுக் கவலையோடு தூங்கப் போகிறவர்கள் அவர்கள்.

“அம்மா எழுதிக் குடுத்த நோட்டை இந்த லச்சணத்துல வச்சிருக்கா. இவளுக்கு எதுக்கு இட்லி?” என்று கடைசியாக ஒன்று சொன்னாள். வெண்பா யார் மகள் என்று அவள் கேட்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். தேவைப்படவில்லை. நோட்டில் கையெழுத்து இருந்தது.

உலகச் சந்தைக் கணக்கில் வெண்பா ஒரு ‘நிஷ்’ கேம், அதாவது ரொம்பக் கொஞ்சப் பேருக்கானது. அந்தக் கொஞ்சப் பேர் முழுவதும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அதே சோபாவில், எட்டே முக்கால் லட்சம் பேர் விளையாடிய பிளாக்பஸ்டரின் ரசிகன் ஒரே ஒருவன், ஓரத்தில் ஒதுங்கி, இவர்கள் எப்போது எழுந்து போவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டு நிலவரப்படி வெண்பாவுக்கு ஹவுஸ்ஃபுல். பால்டர்ஸ் கேட் காலைக் காட்சி ஆர்ட் ஃபிலிம்.

இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்ததில், சாப்பாட்டு விஷயத்தில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. பால்டர்ஸ் கேட்டில் இரவு படுத்துத் தூங்க 40 புள்ளி அளவுக்குச் சாப்பாடு வேண்டும். கேரட், பாலாடைக்கட்டி, மீன், ஒயின், எதுவானாலும் எண்ணிக்கைதான். யார் சமைத்தார்கள், உப்பு போட்டார்களா, ஒரு கேள்வி கிடையாது. நாற்பது சேர்ந்ததும் எல்லாருக்கும் உடம்பு சரியாகி, காயம் ஆறி, மந்திரமெல்லாம் திரும்பி வந்துவிடும். அதற்காக உலகத்தைக் காக்கப் போன வீரர்கள் வழியெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பீப்பாய்க்குள் கையை விட்டு உருளைக்கிழங்கு திருடுகிறார்கள். வெண்பாவிலோ ஒரே ஒரு புட்டுக் குழலுக்கு ஒரு அத்தியாயம். அங்கே சாப்பிட்டால் எந்தக் காயமும் ஆறுவதில்லை. சில சமயம் புதிதாக ஒன்று திறந்துகொள்ளும்.

பெரிய கேமின் கூட்டத்தில் கேல் என்று ஒரு மந்திரவாதி. அவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு மந்திரக் கோளாறு. அவ்வப்போது சக்தியுள்ள மோதிரம், செருப்பு, கத்தி என்று எதையாவது உறிஞ்சிக்கொள்ளாவிட்டால் வெடித்துவிடுவான். கஷ்டப்பட்டுச் சண்டை போட்டுச் சேர்த்த சாமானை இவனுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று மகன் புலம்பிக்கொண்டிருந்தான்.

“வயிறு காஞ்சு கெடக்கான்ல. மோதிரத்தைத் திங்கக் குடுத்தா ஆறுமா? ரெண்டு இட்லி வச்சுப் பாரு,” என்றாள் அம்மா.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த ஜூலையில் லாரியன் நடத்திய நேரலையில், கரடியாக உருமாறும் ஒருவரோடு காதல் காட்சி ஒன்றைக் காட்டப்போய், டிக்டாக் அந்த ஒளிபரப்பையே நிறுத்தியது. ஆகவே பால்டர்ஸ் கேட்டுக்கு என் மனைவி தலைமையில் தணிக்கைக் குழு அமைந்தது. அத்தை முழித்திருக்கும்போது சண்டைக் காட்சி மட்டும். காதல் காட்சி இரவு பதினொன்றுக்கு மேல், ஹெட்போனோடு. வெண்பாவுக்கு எந்த வெட்டும் இல்லாமல் ‘யு’.

ரிலீஸ் தேதி விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு ரஜினி படம் வந்தால் மற்ற தயாரிப்பாளர்கள் பொங்கலுக்குத் தள்ளுவது நமக்குத் தெரிந்த சங்கதி. கேம் உலகத்திலும் அதே கதைதான். கட்அவுட் மட்டும் இல்லை. பால்டர்ஸ் கேட் 3 முதலில் ஆகஸ்ட் 31-க்குத்தான் அறிவிப்பு. செப்டம்பர் 6-இல் மைக்ரோசாஃப்ட் வீட்டிலிருந்து ‘ஸ்டார்ஃபீல்டு’ என்கிற விண்வெளி யானை வருவதாக இருந்தது. யானையே யானைக்கு ஒதுங்கி, கம்ப்யூட்டர் பதிப்பை நான்கு வாரம் முன்னதாக ஆகஸ்ட் 3-க்கு இழுத்துக்கொண்டது. அதற்கு மூன்று நாள் முன்னால் இட்லிக் கொப்பரையோடு வெண்பா வந்து நின்றது. யாருக்கும் வழிவிடவில்லை, வழி கேட்கவுமில்லை. வழிவிட வேண்டிய அளவுக்கு இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால்தானே?

டிசம்பர் 7, லாஸ் ஏஞ்சலஸில் ‘கேம் அவார்ட்ஸ்’ விழா. எங்களுக்கு இரவு இரண்டு மணிக்கு மேல். சும்மா வருடத்துக்காரன் விழித்திருந்தான். வேலைக்குப் போக வேண்டிய நானும் துணைக்கு உட்கார்ந்தேன். அறிமுக இண்டி கேம் பிரிவில் ஐந்து போட்டியாளர்கள். அதில் வெண்பாவும் இருந்தது. ‘கொக்கூன்’ என்று ஒன்றும் இருந்தது. கொக்கூன் கோபன்ஹேகன் தயாரிப்பு. யெப்பே கார்ல்சன் வடிவமைத்தது. அதற்கு முன்னால் அவர் வேலை பார்த்த ‘லிம்போ’வும் (2010) ‘இன்சைட்’டும் (2016) உலகப் பிரசித்தம், அவையும் கோபன்ஹேகன்தான். மூன்று கேமிலும் ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எங்கள் ஊர் பஸ்ஸிலும் அப்படித்தான். கொக்கூனில் ஒரு பூச்சி மனிதன் உருண்டை உருண்டையாக உலகங்களை முதுகில் சுமந்துகொண்டு வாயைத் திறக்காமல் புதிர்களை அவிழ்த்துக்கொண்டே போகிறான். வெண்பாவிலோ அம்மா தமிழில் கேட்க மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, பேச்சும் ஏச்சும் ரேடியோவில் பாட்டுமாக வீடு நிறைந்து கிடக்கும்.

குடியேறியவனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டுமா? வரி கட்டுகிற நாடு ஒரு பக்கம், வாய்க்கு ருசியான நாடு ஒரு பக்கம். உறையைப் பிரித்தார்கள். கொக்கூன். வாசலில் டேனிஷ் கொடியைப் பார்த்தபடி எனக்குப் பாதி சந்தோஷம், பாதி துக்கம். காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், வேலிக்கு மேலே எட்டி, உங்கள் ஊர் கேம் ஜெயித்துவிட்டது என்று சொன்னேன். தலையை ஒரு முறை ஆட்டினார். டேனிஷ்காரர் ஒருவர் தலையை ஒரு முறை ஆட்டினால், நம் ஊரில் அதற்குப் பாலாபிஷேகம் என்று கணக்கு.

அதே மேடையில் ஆண்டின் சிறந்த கேம், பால்டர்ஸ் கேட் 3. லாரியன் தலைவர் ஸ்வென் விங்கே இரும்புக் கவசத்தோடு வந்து வாங்கிக்கொண்டார். வெண்பா குழு ஜெயித்திருந்தால் இட்லித் தட்டோடு வந்திருப்பார்களா என்று மகன் கேட்டான். விடை 2024-இல் கிடைக்கத் தொடங்கியது. மார்ச்சில் சுதந்திர கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் பெரும் பரிசு வெண்பாவுக்கு. ஏப்ரல் 11, லண்டனில் பாஃப்டா. அங்கேயும் கொக்கூன் போட்டியில் இருந்தது. இந்த முறை அறிமுக கேம் விருது வெண்பாவுக்கு. அதே இரவில் பால்டர்ஸ் கேட் 3 சிறந்த கேம் உட்பட ஐந்து விருது வாங்கியது. நூறு மணி நேரக் கேமும் ஒரு மணி நேரக் கேமும் ஒரே கூரையின் கீழ் ஒரே மாதிரி வெண்கல முகமூடி விருதைத் தூக்கிக்கொண்டு போனதில் எனக்கு மிகுந்த திருப்தி. அந்த முகமூடி ஆளைப் பார்த்து எடை குறைவதில்லை.

ஓடாத கேமைப் பற்றியும் இரண்டு வரி எழுதாவிட்டால் நான் கோபன்ஹேகன் பக்கத்துக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2004-இல் கோபன்ஹேகனில் மூன்று இளைஞர்கள் ஒரு கம்பெனி தொடங்கி, 2005-இல் ‘கூபால்’ என்று ஒரு கேம் வெளியிட்டார்கள். வாசகர் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். அப்போதும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேமைச் செய்வதற்காக அவர்களே எழுதிவைத்திருந்த மென்பொருள் நன்றாக வேலை செய்தது. சரி, இதையாவது விற்போம் என்றார்கள். அதுதான் யூனிட்டி. நம் வீட்டுப் பிள்ளைகள் ரயில் மேல் ஓடிய சப்வே சர்ஃபர்ஸும் தெருத்தெருவாகத் தேடிய போக்கிமான் கோவும் அதில் செய்தவை. பந்தியில் சமையல் எடுபடவில்லை, பாத்திர வாடகையில் கோடீஸ்வரர் ஆனார்கள். யாருமே வாங்காத ஒரு கேமின் வயிற்றிலிருந்துதான் பாதி உலகத்து கேம்கள் வந்தன.

சின்னது, பெரியது என்கிற கணக்கு 2025-இல் மேலும் குழம்பியது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் டீம் செர்ரி என்று மூன்று பேரை அச்சாகக் கொண்ட ஒரு குழு. ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ என்கிற பூச்சிக் கதையை இரண்டு வார அவகாசத்தில் செப்டம்பர் 4-க்கு அறிவித்தார்கள். விலை 20 டாலர். அறிவித்தவுடன் மற்ற சின்னக் கேம்காரர்கள் பலர் தேதியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வந்த நேரத்தில் கூட்டம் தாங்காமல் ஸ்டீம் உட்பட இணையக் கடைகளே படுத்துக்கொண்டன. மூன்று பேர் வேலை பார்த்ததைச் சின்னதென்பதா, கடையைச் சாய்த்ததைப் பெரியதென்பதா? பட்ஜெட்டை வைத்துப் பிரித்தால் பட்ஜெட்தான் பிரியும்.

எங்கள் வீட்டில் நடந்ததை வைத்து நான் வேறு மாதிரி பிரிக்கிறேன். பெரிய கேம், நீ யாராக இருக்க ஆசைப்படுகிறாய் என்று கேட்கிறது. வெண்பா மாதிரி ஒன்று, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு நூறு மணி நேரம் பதில் சொல்லலாம், அலுக்காது. கொம்பு வேண்டுமா, சிறகு வேண்டுமா என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். இரண்டாவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது. வெண்பாவின் பிற்பகுதியில், வளர்ந்து தூரப் போய்விட்ட மகன் வீட்டுக்கு வருகிறான் என்று அம்மாக்காரி அடுக்களையையே நிறைத்துச் சமைத்து வைக்கிறாள். அந்தக் கட்டத்தில் எங்கள் கூடத்தில் நால்வர் முகமும் நான்கு திசையில் இருந்தன. என் மனைவி மகனைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். மகன் போனைப் பார்த்தான். நான் எழுந்து போய்க் குப்பையைக் கொட்டிவிட்டு வந்தேன். இந்த ஊரில் குப்பையைப் பத்துத் தொட்டியாகப் பிரித்துப் போட வேண்டும் என்பதை அன்று முதல்முறையாக நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். திரும்பி வருவதற்குள் அந்த அத்தியாயம் முடிந்திருந்தது.

இப்படி நான் வகுத்துக்கொண்ட இலக்கணத்தை அடுத்த வாரமே அம்மா போட்டு உடைத்தாள். பால்டர்ஸ் கேட் கூட்டத்தில் வில் என்று ஒரு வீரன் உண்டு. வழக்கம்போல, “இவன் யாரு மவன்?” என்று கேட்டாள். இந்த முறை மகனிடம் பதில் இருந்தது.

“இவன் பெரிய இடம் ஆச்சி. அப்பா அந்த ஊருக்கே பிரபு. ஆனா பேச்சுவார்த்தை இல்ல. பதினேழு வயசுல வீட்ட விட்டுத் துரத்திட்டார்.”

வெற்றிலை மடித்த கை நின்றது.

“எதுக்கு?”

“ஒரு பெண் பிசாசுகிட்ட ஒப்பந்தம் போட்டுட்டான்.”

“எதுக்குப் போட்டான்?”

“ஊரைக் காப்பாத்தத்தான். ஆனா அதை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன். அப்பாகிட்டயும் சொல்ல முடியல.”

“அட பாவி மக்கா,” என்றாள் அம்மா. கால்களை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த நிமிடத்திலிருந்து டிராகன் இல்லை, மூளைப் புழு இல்லை, உலகம் அழிவது பற்றிக் கவலை இல்லை. தினமும் காலையில் காப்பியோடு ஒரே விசாரிப்பு: “அப்பனும் மவனும் பேசிட்டாங்களா?” உலகத்தைக் காக்கும் முக்கியப் பணியை விட்டுவிட்டு அவர்களைச் சேர்த்துவைக்கும்படி பேரனுக்கு உத்தரவு. அந்தப் பிரபுவோ கதையின் கடைசிப் பாகத்தில் கடலுக்கடியில் ஒரு சிறையில் கிடக்கிறார். அங்கே போய்ச் சேரப் பல பத்து மணி நேரம் விளையாட வேண்டும். அம்மாவின் விசா முடிய அவ்வளவு நாள் இல்லை. பேரன் அந்தச் சும்மா வருடத்தில் அதுவரை காட்டாத பொறுப்போடு ராத்திரி பகலாக உழைத்தான். ஆச்சி ஊருக்குக் கிளம்புவதற்குள் கடலுக்கடியில் இறங்கி, தண்ணீர் உள்ளே புகுவதற்குள் கிழவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அப்பாவும் மகனும் பேசிக்கொண்டார்கள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “இதை மொதல்லயே வச்சிருந்தா ஒரு மணி நேரத்துல முடிச்சிருக்கலாம்லா,” என்றாள்.

என் இலக்கணத்துக்கு அம்மா எழுதிய உரை இது. அந்த 174 மணி நேரத்துக்குள் ஒரு மணி நேர வெண்பா ஒளிந்துகிடக்கிறது. டிராகனும் தீயும் அதைச் சுற்றிக் கட்டிய காகிதம். காகிதம் நன்றாக இருந்தால் எட்டே முக்கால் லட்சம் பேர் வருவார்கள். உள்ளே இருப்பது நன்றாக இருந்தால்தான் என் அம்மா வருவாள். சின்னக் கேம்காரர்களிடம் காகிதத்துக்குக் காசில்லை. பண்டத்தை அப்படியே கையில் தந்துவிடுகிறார்கள், சூடு தாங்கினால் வாங்கிக்கொள்ளலாம். வேலை முடித்து அலுத்து வருகிற நாளில் நான் இன்றும் காகிதம் சுற்றியதையே எடுக்கிறேன்.

அடுத்த பெரும் யானை ‘ஜிடிஏ 6’. இரண்டு முறை தள்ளிவைத்து, 2026 நவம்பர் 19 என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தத் தேதிப் பக்கம் தலைவைத்துப் படுக்க எந்தக் கம்பெனிக்கும் தைரியமில்லை. கார் திருடுகிற, கடை உடைக்கிற கேம். எங்கள் வீட்டிலும் மனைவி முன்ஜாக்கிரதையாக, அத்தையின் அடுத்த விசா அதற்கு முன்னால் முடிகிற மாதிரி நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேரன் சும்மா இருப்பானா? வீடியோ காலில் ஆச்சிக்கு டிரெய்லரைப் போட்டுக் காட்டிவிட்டான். சிறையில் ஒரு பெண், லூசியா என்று பெயர். திருநெல்வேலியிலிருந்து கேள்வி வந்தது. நல்லவேளை, கதைக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்: நடக்கப் பழகியதுமே சண்டை போடச் சொல்லிக்கொடுத்தவர் அவள் அப்பா.

“அப்பன் சொல்லிக் குடுத்திருக்கான். அப்போ சரி,” என்றாள் அம்மா. “எனக்கு நவம்பர்லயே டிக்கெட் போடு.”